நூலகத்துக்குப் போன காதுகுத்துப் பேனர்

காஞ்சிபுரத்தில் எங்கள் பகுதி நூலகத்தில் 'ஊர் வரலாறு' என்று ஒரு கண்ணாடி அலமாரி வந்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது பள்ளிக்கூடத்தார் சொன்னது. நூலகத்துக்கு நான் போனதே மின்விசிறிக்காகத்தான். அலமாரியில் கோயில்களும் தேரும் இருந்தன, மன்னர்கள் இருந்தார்கள், பட்டுக்கடை முதலாளிகளின் தாத்தாக்கள் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெரு மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து அத்தையைச் சீண்டினேன். அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பட்டுப்புடவைக்குக் குஞ்சம் கட்டுவது வேலை.

"அத்த, ஊர்ல எல்லாரும் அலமாரில கீறாங்க. நாமதான் இன்னும் ஊருக்கே வரலியாம்."

கையிலிருந்த முந்தானையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

நூலகர் நல்லவர்தான். "பழைய போட்டோ, நோட்டீஸ் எதனா இருந்தா குடுங்கம்மா, வெக்கிறேன்" என்றார். கூலிக்கு நாற்று நட்ட காலத்தில் எங்களைப் படமெடுக்க எவன் வந்தான்? தெருவே ஒன்றாக இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான்: என் காதுகுத்துக்கு அடித்த பிளெக்ஸ் பேனரில். நடுவில், ஸ்டுடியோக்காரர் ஒட்டவைத்த கிரீடத்தோடு நான் அலறிக்கொண்டிருப்பேன். சுற்றிலும் வட்டவட்டமாகத் தெரு சனம் மொத்தமும். விழாவுக்குப் பிறகு விறகை மூடிக் கிடந்ததை அத்தை இழுத்துப் போட்டு சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"வாணாம் அத்த. எங்க கிளாஸ் பொண்ணுங்கல்லாம் அங்க வரும்."

"வரட்டும். உன் மூஞ்சி அதுங்க பாக்காததா?"

நூலகர் சுருளைப் பிரித்ததும் சிரித்துவிட்டார். "இது பேனர்மா. வரலாறு இல்ல."

"ராஜா கல்லுல வெட்டினாரு. நாங்க பிளெக்ஸ்ல அடிச்சோம். இன்னா சார் தப்பு?"

"அலமாரில கொள்ளாது."

"பொடவ கொள்ளுதில்ல? அதுமாதிரி மடிங்க."

"யாரு யாருன்னே தெரியாதேம்மா..."

அவ்வளவுதான். பெரியவர்கள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மேசைமேல் பேனரை விரித்தாள். ஆளுக்கொரு முனையைப் பிடிக்கவும் வைத்தாள். ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே போனாள். இவர் சாயப்பட்டறை. இவ ஆஸ்பத்திரில நர்ஸு. இவன் வாலாஜாபாத்துக்கு ஆட்டோ ஓட்டறான். அடுத்த முகத்தைப் பார்த்ததும் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கினார்.

"ஏம்மா, இவன் தேர்ச் சக்கரத்துக்குக் கட்ட போடறவனாச்சே! இவன் இல்லன்னா தேரு என் வூட்டுக்குள்ளதான் பூந்திருக்கும்."

அத்தை அலமாரியைக் காட்டினாள். "தேரு உள்ள கீது சார். இவன் வெளிய நிக்கிறான்."

நூலகர் பேனாவைத் திறந்தார். எல்லாப் பெயர்களையும் எழுதி முடித்ததும் கேட்டார்: "இதுல நீங்க எங்கம்மா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அத்தை இல்லை.

"அத்தையப் போட்டா பேனர் பத்தாது சார்" என்று முந்திக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. சுருக்குப்பையிலிருந்து ரேஷன் கார்டுக்கு எடுத்த சின்னப் படத்தை உருவினாள்.

"ஸ்டாப்ளர் குடுங்க சார்."

ஓரத்தில் வேண்டிய இடம் இருந்தது. அவளோ நட்டநடுவில், என் முகத்தோடு ஒட்டி வைத்துக் குத்தினாள். ஒரு பின் என் கிரீடத்திலேயே இறங்கியது. பேனர் மடிந்து அலமாரிக்குள் போனது. பூட்டும் சத்தம் கேட்ட பிறகே அத்தை கிளம்பினாள்.

வழியெல்லாம் கிரீடத்துக்காகச் சண்டை போட்டேன். காதுகுத்துக்குக் கொஞ்ச நாள் முன்புதான் அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, செத்துப்போயிருந்தார் என்பதும், தாலி இழந்தவள் முகம் நல்ல காரியத்துப் பேனரில் வேண்டாமென்று அவள் படத்தை நீக்கச் சொன்னது யார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், "அத்த நம்ம பேனர்ல நடுவுல அவ படத்தக் குத்திட்டாப்பா" என்று புகார் சொன்னேன். இரண்டாவது முறையும் கத்திச் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காத அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.