முகம்மது கனியின் ஸ்குரூ பல்

குழம்புச் சட்டியைத் திறந்ததும் முகம்மது கனி முதலில் திட்டுவார்; ருசி பார்ப்பது அதற்குப் பிறகுதான். டத்தோ கிராமாட்டில், சோற்றில் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றும் அவருடைய நாசி கண்டார் கடையில், அவர் நாக்கு சம்மதிக்காமல் ஒரு கரண்டி குழம்பு வெளியே போகாது. வலது கடைவாயில், எலும்பில் திருகி வைத்த செயற்கைப் பல் ஒன்று இருக்கிறது. 'ஸ்குரூ பல்லு' என்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்ன பல் டாக்டர் சந்திரிகா இருக்கும் பக்கம் இரண்டு வருடமாகத் தலைவைத்துப் படுக்கவில்லை. "வலிச்சாத்தானே போவணும்? இரும்புக்கு என்னா வலி லா!"

சில மாதங்களுக்கு முன் எந்தக் குழம்பை வாயில் வைத்தாலும் ஊசிப்போன வாடை வரத் தொடங்கியது. பத்தொன்பது வருடம் அந்த அடுப்படியில் வெந்த சமையல்காரர் யூசுபை, சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே கேட்டார்: "கெட்டுப்போனத ஊத்தி ஆளக் கொல்லப் பாக்கிறியா?" யூசுப் ஏப்ரனை மடித்து வைத்துவிட்டு நடந்தார்.

புதிய சமையல்காரர் வைத்த குழம்பிலும் அதே வாடை. கனி மீன்காரரைத் திட்டினார், சட்டிகளை மாற்றினார். தன் வாயைச் சந்தேகிக்க மட்டும் தோன்றவில்லை. நாக்கின் மேல் அவ்வளவு திமிர். கடைசியில் மகள் ஷாஹிராதான் போட்டு உடைத்தாள்: "அத்தா, நாறுறது கொழம்பு இல்ல. ஒங்க வாயி."

சந்திரிகா ஈறை அழுத்தினார், சீழ் வந்தது. எக்ஸ்ரேயில் ஸ்குரூவைச் சுற்றியிருந்த எலும்பில் பாதியைக் காணோம்.

"அங்கிள், ரோக்கோ விட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

சிகரெட் வாடை அடிக்கும் விரல்களைக் கனி மடக்கிக்கொண்டார்.

"வலிக்காமலே உள்ளுக்குள்ள தின்னுடும் அங்கிள். ஈறைத் தொறந்து கிளீன் பண்றேன். அப்புறமும் ஊதினீங்க, கழட்டி எறியறதுதான்."

"இந்தச் சீழு எவ்வளோ நாளா இருக்கும் டோக்டர்?"

"மாசக்கணக்கா."

அப்போதுதான் அவருக்கு வலித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது வாய் சுத்தம். புதியவருடைய குழம்பில் உப்பும் காரமும் தவிர ஒரு மண்ணும் இல்லை என்பது நன்றாகவே தெரிகிறது.

போன ஞாயிறு, கடல் பாலத்தைத் தாண்டி சுங்கை பாக்காப்புக்குப் போனார். அங்கே வேறொருவர் கடையில் யூசுப் சோறு போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாலம் நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர், வரிசையில் நின்று முறை வந்ததும், "நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கேன் மொதலாளி."

தட்டில் சோறு விழுந்தது. பொரித்த மீன், வெண்டைக்காய். எல்லோருக்கும் நாலு குழம்பைக் கலந்து வெள்ளமாக ஊற்றிய யூசுப், அந்தத் தட்டில் ஒரு சொட்டும் ஊற்றாமல் நீட்டினார்.

கனி குழம்பு கேட்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து, அந்த வறண்ட சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றார்.