என்னைப் பார்த்துச் சொல்லுங்க

கீரமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம் நடந்தது. வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு பூக்கடைக்காரம்மா. நல்ல உயரம், கனத்த குரல். எதையாவது சொல்லத் தொடங்கும் முன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

அங்கே கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைக் கொண்டு, மூளையின் ரத்தக்குழாயில் நோய் இருக்குமா என்று செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடுமாம். அவருடைய படத்தைப் பார்த்த டாக்டர், கூட வந்திருந்த மகனை அருகில் அழைத்தார்.

"மூளை ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கலாம்னு காட்டுது. ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க. அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்."

எங்கள் பக்கம் பெண்ணுக்கு வந்த நோய் அவளுக்குத்தான் கடைசியில் தெரியும். ஆனால் இந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. முந்தானை இடுப்புக்குப் போனது.

"மெசினே என் கண்ணப் பாத்துத்தான் கண்டுபிடிச்சிருக்கு. நீங்க என்னமோ அவனப் பாத்துச் சொல்றீங்க. நோவு எனக்கா, அவனுக்கா?"

"நீங்க பயந்துருவீங்கன்னுதாம்மா..."

"பயந்தா பயந்துட்டுப் போறேன். அது எம்பாடு. மொதல்லேருந்து என்னையப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஸ்கேனுக்கு எங்கிட்டுப் போகணும்?" என்றார்.

அப்புறம் அவருக்கு என்ன ஆயிற்றோ, தெரியாது. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல் என் கணவர் எனக்கு முன்னால் எழுந்தார்.

"நீங்க இங்கயே உக்காருங்க" என்றேன், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.