டென்ஷன் என்று எழுதச் சொன்ன பெண்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். வருகிறவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் வாக்குமூலமாக எழுதித் தருவது என் வேலை. என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அன்று சுங்கை வேயிலிருந்து வந்த பெண் என் எதிரே உட்கார்ந்திருந்தார். கணவர் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று நீதிமன்றத்தில் தடை கேட்கிறார். இரண்டு மணிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து கணவர் வீட்டுக்கு வந்துவிடுவார். என்ன நடந்தது என்று எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான்.

“ஒரே டென்ஷன் அக்கா. அவ்ளோதான் லா. அதையே எழுதுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. நம் ஆட்களுக்கு ரோட்டில் ஜாம் ஆனாலும் டென்ஷன், புருஷன் அடித்தாலும் டென்ஷன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் ஓடி ஒளிவது அந்தச் சொல்லுக்குள்தான். நானும் ஒளிந்திருக்கிறேன். ஆனால் நீதிபதிக்கு அது போதாது.

“ஆங்குயிஷ்னு போடவா?” என்றேன்.

“அப்படின்னா?”

பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். சாதாரண வருத்தத்துக்கு அதைச் சொல்ல மாட்டார்கள், தப்பிக்க வழியே இல்லாத வேதனைக்குத்தான் சொல்வார்கள் என்றேன். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். குறுகலான இடம், நெருக்கம் என்று பொருள். அதற்கும் அடியில் இருக்கும் வினைச்சொல்லுக்குக் கழுத்தை நெரிப்பது என்று அர்த்தம். மணி பன்னிரண்டே முக்கால். படித்ததைக் காட்டிக்கொள்ள அதுவா நேரம்?

அந்தப் பெண் துப்பட்டாவை இறக்கினார். கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது.

“அதத்தான் செஞ்சாரு,” என்றார். “கிச்சன்ல வச்சு. ரெண்டு தடவ.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அழகான சொல்லை விட்டுவிட்டு, அவர் சொல்வதாகவே, ‘என் கணவர் இரண்டு முறை என் கழுத்தை நெரித்தார்’ என்று எழுதினேன். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற ஆங்கிலம். அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“இது அவரு கைக்கும் போகுமா அக்கா?”

“போகும்மா. ஒரு காப்பி கொடுப்பாங்க.”

அவர் கதவைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். தைரியமாக இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நெரிபட்டது என் கழுத்து இல்லையே என்று அடக்கிக்கொண்டேன்.

“ரெண்டு தடவ இல்ல,” என்றார். “மூணு. மாத்திக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்.”