அத்தை எந்த வீட்டு ஆள்?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் மார்பகப் பரிசோதனை முகாம் நடந்தபோதும் அப்படித்தான். நர்ஸ் பேனாவை எடுத்து, "குடும்பத்துல யாருக்காவது பெரிய வியாதி இருந்துதாம்மா?" என்று கேட்டதுதான் தாமதம், மடமடவென்று ஒப்பித்தேன். மாமியாருக்குச் சர்க்கரை, மாமனாருக்குப் பிரஷர், நாத்தனாருக்குத் தைராய்டு.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "அது உன் புருஷன் குடும்பம்மா. நீ பொறந்த வூட்ட கேக்குறேன்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதில் என்ன தப்பு? எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அவள் அந்த வீட்டு ஆள். நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான்.

"பொறந்த வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்றேன் வெடுக்கென்று.

பின்னால் நின்ற என் அக்கா சும்மா இருக்கவில்லை. "ஏன்டி, நைனாவோட தங்கச்சி? மார்ல புண்ணு வந்துதானே செத்துது?"

"அத்தைய ஏரிக்கு அந்தாண்ட குடுத்தாச்சு. அது அந்த வூட்டு ஆளு. அதுக்கும் நம்மளுக்கும் இன்னா?"

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சாகும்போது அத்தைக்கு என்ன வயது என்று கேட்டாள். நாற்பதுகூட ஆகியிருக்காது. அப்பா வழியிலும் இது வரலாம் என்று பொறுமையாக விளக்கினாள். கையால் தடவிப் பார்த்ததில் எங்கள் இருவருக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

"வலியும் இல்ல, கட்டியும் இல்ல. எனக்கு எதுக்குடி?" என்று அக்கா முரண்டு பிடித்தாள். எனக்குத் துணைக்காவது வா என்று கெஞ்சிக் கூத்தாடி, பழவேற்காட்டில் பஸ் ஏற்றினேன். படம் எடுக்கும் மெஷின் அழுத்தியபோது நான் போட்ட கூச்சலில் வெளியிலிருந்து, "கத்தாதடி, மானம் போவுது!" என்று அவள் குரல் கேட்டது.

எனக்கு ஒன்றுமில்லை. அக்காவுக்கு இடது மார்பில், கைக்கே அகப்படாத சின்னக் கட்டி. ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான்.

அம்மா செத்தபிறகு எனக்குச் சோறு ஊட்டியவள், தலை வாரிவிட்டவள் அவள்தான். அவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? "எங்கயும் பரவல. நல்லவேளை, சீக்கிரமே வந்துட்டீங்க" என்று டாக்டர் சொன்னதையே பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன், மருந்து, கரண்டு வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்தியம் எல்லாம் ஆயிற்று. முடி கொட்டியபோது நான்தான் அழுதேன். அவளோ, "பேன் பாக்குற வேலை மிச்சம் போ" என்று சிரித்தாள்.

போன மாதம் டாக்டர், இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையே அக்கா நான் மீன் விற்கும் மார்க்கெட்டுக்கு வந்து நின்றாள். நான் மடவை மீனை ஐஸ் போடாமல் வெயிலில் பரப்பி வைத்திருந்தேன். பழையபடி என்னைப் பிடித்துக்கொண்டாள். என் சோம்பேறித்தனம், என் நீள வாய், என் புருஷன் என்று ஒன்றையும் விடவில்லை. மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பும் அடங்கவில்லை.

"திட்டினா இன்னாடி இளிக்கிற?"

"இன்னும் ரெண்டு திட்டுக்கா" என்றேன்.