செல்வலட்சுமி ஒட்டிய தாள்

செல்வலட்சுமி கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டுப் போனாள் என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் எங்கள் அச்சகத்தில் அவளும் நானும் நான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். நான் பால்பாண்டி, அச்சுக்குப் போகிற படங்களுக்கு நிறம் திருத்துபவன். யார் கெடுத்தது என்று என்னிடம் கேளுங்களேன்!

சாத்தூர்ப் பக்கம் அவள் ஊர். அம்மா அய்யம்மாள் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்த்தான் இவளை இன்ஜினியரிங் படிக்கவைத்தாள். எங்கள் கம்ப்யூட்டர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. அதன் அடிமட்ட நிரலான கெர்னலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாமாம். மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் அவள் அதைத்தான் செய்தாள். திரையில் படத்தைக் காட்டுகிற பகுதிக்குப் பெயர் கிராபிக்ஸ் டிரைவர். எங்கள் பழைய கிராபிக்ஸ் கார்டுக்கான டிரைவரில் ஒரே வேலையை மூன்று இடத்தில் எழுதிவைத்திருந்தார்கள்.

"அம்புட்டும் குப்பைண்ணே. எழுதுனவன் கையில கிடைச்சா கன்னத்துல ரெண்டு போடுவேன்" என்பாள். கோபத்தில் எனக்குச் சளைத்தவள் இல்லை.

கூட்டிப் பெருக்கி அனுப்பினாள். கெர்னல் திருத்தங்களைச் சரிபார்க்கிறவர்கள் நான்கு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது தடவை ஏற்றுக்கொண்டார்கள். அப்படிப் பெருக்கும்போதுதான் பழைய நிரல் சிவப்பை இரண்டு முறை குறைத்துக் காட்டுவதைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். ஒன்பது வருடமாக எங்கள் திரைகள் பொய் சொல்லியிருக்கின்றன! காலண்டர் முருகன் திரையில் வெளிறித் தெரிந்தால்தான் தாளில் சரியாக வருவார் என்று நாங்கள் பழகிவிட்டோம். அதைத் தொழில் ரகசியம் என்று வேறு பீற்றிக்கொண்டோம். வெட்கக்கேடு.

புதியதை ஏற்றலாமா என்று முதலாளி மணிகண்டராஜ் அண்ணாச்சியிடம் கேட்டாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே "செய்யிம்மா" என்றார். ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் முன்பு, வியாழன் சாயங்காலம் புதிய கெர்னலை ஏற்றினாள். நான் அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். என் திரையில் ஒரு தாளை ஒட்டினாள்: 'திரையில் தெரிவதுதான் இனி தாளில் வரும். சிவப்பைக் குறைக்காதீர்கள்.' மறுநாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவு. போன் செய்திருக்கலாமே என்கிறான் ஒருவன். அடேய், அதற்குத்தானே எழுதி ஒட்டினாள்!

மறுநாள் ஆடி வெள்ளி. பூஜைக்குத் திரைகளைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். தாளைப் பிய்த்தேன், வாசிக்காமலே கசக்கிப் போட்டேன். குப்பையிலிருந்து எடுத்து வாசித்தது எல்லாம் முடிந்த பிறகுதான். பொட்டு வைத்துவிட்டு முருகன் படத்தைத் திறந்தால் ஒரே சிவப்பு. எந்தப் பயலோ அள்ளிக் கொட்டியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே, வெளிறும்வரை குறைத்தேன். அச்சான முதல் தாளைப் பார்க்க வேண்டியவனும் நான்தான். பார்க்கவில்லை. இருபது வருடக் கை என்ற திமிர்.

ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பத்தைப் பிரித்துக் காட்டி ஆர்டர் பிடிப்போம். வெளியூர் ஏஜென்ட்டுகள் எல்லாரும் வந்திருந்தார்கள். முதல் பக்கத்தைத் திருப்பிய ஒருவர், "என்ன அண்ணாச்சி, முருகனுக்கு மஞ்சக்காமாலையா?" என்று சிரித்தார். கூடவே கூட்டமும் சிரித்தது.

அவர்கள் போனதும் அண்ணாச்சி அவளிடம் பாய்ந்தார். "உன்னைய யாரு அதுல கை வைக்கச் சொன்னா?"

"நீங்கதான் சரின்னீக அண்ணாச்சி. தாளும் ஒட்டியிருந்தேன்."

"எங்க தாளு? இங்கன எவனாச்சும் பாத்தீகளாலே?"

செல்வலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் மை டப்பாவைப் பார்த்தேன்.

"பழையபடி மாத்து. தப்பு என்னோடதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வராத."

"இங்கன மட்டும் பழசை ஏத்தித் தாரேன். தப்புன்னு எழுத மாட்டேன் அண்ணாச்சி."

பத்தே நிமிடத்தில் மாற்றினாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"பூஜைக்கு நீங்கதான பிய்ச்சீக?"

தலையாட்டினேன்.

"அதை அவுககிட்டச் சொல்லுங்கண்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

வாசலில் சாத்தூர் வேன் ஹாரன் அடித்தது. நான் எழுந்து போவேனா என்று அவள் இரண்டு நிமிடம் நின்று பார்த்தாள். அண்ணாச்சி பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு போய் ஏறிக்கொண்டாள்.

ஆறு மாதம் ஆகிறது. அவர் இன்னும் அதே பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.