நான் எழுதிய கடிதத்தை என்னையே வாசிக்க வைத்தவர்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு நாவலப்பிட்டியில் நடந்தது இது. ஆசிரியை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் ஓய்வு பெற்றோர் சங்கம் ஒன்று இருக்கிறது. அப்போது அதற்கு நான்தான் செயலாளர். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு எனக்கு வேறு தகுதி இருந்ததாக நினைவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஸ்டேஷனுக்கு மேலே போகிற வீதியில் உள்ள வாசிகசாலையின் பின்னறையில் கூடுவோம். ஓய்வூதியம் பற்றிப் புதிய சுற்றறிக்கை வந்திருந்தால் வாசிப்போம். யார் வீட்டில் கல்யாணம், யார் ஆஸ்பத்திரியில் என்று பேசுவோம். வருடத்தில் ஒரு தடவை வான் பிடித்து எங்காவது போய் வருவோம். ஓய்வு பெற்ற தாதி ஒருவர் எல்லோருக்கும் பிரஷர் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். ஊரே அவரை மிஸி என்றுதான் கூப்பிடும். முஸ்லிம் பெண்மணி, மனதில் பட்டதைச் சட்டென்று சொல்லிவிடுவார். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் அந்தப் பிரஷருக்காகத்தான் வந்தார்கள். தலைவர் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பத்து மணி என்றால் பத்து மணிக்குக் கூட்டத்தைத் தொடங்கிவிடுவார், அறையில் இரண்டு பேர் இருந்தாலும் சரி.

அந்த வருடம் மூன்று அங்கத்தவர்கள் காலமாகிவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்டார்கள். புதிய ஆட்களைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். 'ஓய்வு பெற்ற அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்' என்று பெரிய எழுத்தில் போட்டு, வாசிகசாலையிலும் கோயில் சுவரிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஒட்டினோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு அம்மா வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வெளியே நல்ல மழை. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, சேலை ஓரத்தைப் பிழிந்துவிட்டு, நேரே முன்வரிசைக்கு வந்து ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

"யாரைப் பார்க்க வந்தீங்கம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"யாரையும் பாக்க வரலைங்க. சங்கத்துல சேர வந்திருக்கேன்."

"எந்த டிப்பார்ட்மெண்ட்ல வேலை செஞ்சீங்க?"

"தோட்டத்துலங்க. கொழுந்து பறிச்சேன். பதினஞ்சு வயசுல பேரு பதிஞ்சாங்க. அறுபது வயசுல நிப்பாட்டுனாங்க. இப்போ ஓய்வுதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சத்தமான சிரிப்பு இல்லை, மூக்கால் வருகிற சிரிப்பு. அவருக்கும் அது கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். விண்ணப்பம் கொடுங்கள், குழு பார்த்து முடிவு சொல்லும் என்றார். அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாததால் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். பெயர், விலாசம், வயது எல்லாம் எழுதியாயிற்று. 'பணியாற்றிய திணைக்களம்' என்ற இடம் வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. அவர் எட்டிப் பார்த்து, "அதுல என்ன கேட்டிருக்கு டீச்சர்?" என்றார். சொன்னேன். "தேயிலைன்னு எழுதுங்க" என்றார். எழுதினேன்.

அவர் வந்த தோட்டம் மேலே, பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதற்கு முன் மெயின் ரோட்டுக்கு வர அரை மணி நேரம் இறங்கி நடக்க வேண்டும். அன்று எங்கள் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ரொம்ப நாள் திறந்து கெடந்த தூளு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரை எனக்குப் பிடித்துப்போனது. பிடித்த பிறகும் நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அந்த வாரமே குழு கூடியது. தலைவர் சங்கத்தின் யாப்பை, அதாவது விதிமுறைப் புத்தகத்தை, எடுத்து வைத்து விரலால் வரியைக் காட்டினார். அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்று ஓய்வூதியம் வாங்குகிறவர்கள்தான் அங்கத்தவர் ஆகலாம் என்று இருந்தது. "இன்னைக்கு ஒருத்தரைச் சேர்த்தா நாளைக்கு முழுத் தோட்டமும் வந்து நிக்கும்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மிஸி மட்டும், "நோட்டீஸ்ல அனைவரும்னு தானே போட்டிருக்கு?" என்று கேட்டு என்னைப் பார்த்தார்.

நோட்டீஸ் எழுதியவள் நான். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அறையில். ஆசிரியர் பயிற்சிக்குப் போன நாளிலிருந்து அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "அப்பா தோட்டத்தில் வேலை செய்தார், அம்மா வீட்டில்" என்பேன். கேட்பவர்கள் அப்பா தோட்டத்தில் கிளார்க் என்று தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தமாட்டேன். நாற்பது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. அந்த அம்மாவுக்காகப் பேசினால், 'உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு.

கடிதத்தை நானே எழுதினேன். என் நல்ல கையெழுத்தில், பிழையில்லாமல். 'தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. எமது யாப்பின்படி தங்களை அங்கத்தவராக ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க அவர் வந்தார். அதே முன்வரிசைக் கதிரை. தலைவர் கூட்டத்தைத் தொடங்கியதும் எழுந்து, பையிலிருந்து கடிதத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

"வீட்டுல யாரும் வாசிச்சுச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"பேரப்புள்ளைங்க ரெண்டு தரம் வாசிச்சிருச்சு. என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். எழுதுன கையே வாசிச்சா நல்லா இருக்கும்."

அறையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். தலைவர், "அம்மா, கூட்டத்தைக் குழப்ப வேணாம்" என்றார். "குழப்பலைங்க ஐயா. கடுதாசி எனக்கு வந்தது. கேக்க உரிமை இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு அவர் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

வாசிக்கத் தொடங்கினேன். வகுப்பில் எத்தனை ஆயிரம் தடவை சத்தமாக வாசித்திருப்பேன்! அன்று என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. முதல் வரி முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கவனமா பரிசீலிச்சோம்னு இருக்கே, என்னத்தப் பாத்தீங்க? நான் வேலை செஞ்ச தோட்டத்துல வந்து கேட்டீங்களா?"

அடுத்த வரியை வாசித்தேன்.

"வருந்துறோம்னு போட்டிருக்கு. யாரு வருந்துனது? நீங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மழையில் கூடை நிரப்பிய மனுஷி, எங்கள் அறைக்கெல்லாம் பயப்படுவாரா? பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நாப்பத்தஞ்சு வருஷம் மலையில நின்னேன். அட்டை கடிச்சது, குளவி கொட்டுனது, புள்ளை பெத்து மறுபடி போய் நின்னது, எல்லாம் வேலைதான். ஒரு நாளு கூப்பிட்டு, நாளையில இருந்து வர வேணாம்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்குப் பேரு ஓய்வு இல்லைன்னா வேற என்ன பேரு? சொல்லுங்க. சொன்னா நான் இப்பவே வெளிய போயிடுறேன்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் யாப்புப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "விண்ணப்பதாரருக்கு விளக்கம் அளிக்கப்பட்டதுன்னு கூட்டறிக்கையில எழுதுங்க டீச்சர்" என்றார்.

பேனாவை எடுத்தேன். 'விண்ணப்பதாரருக்கு' என்று எழுதியும்விட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. என்ன விளக்கம் கொடுத்தோம் நாங்கள்? பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

"என்னால இதை எழுத முடியாது சேர்" என்றேன். "எங்க அம்மாவும் கொழுந்து பறிச்சவங்க. லயத்துலதான் நான் பிறந்தேன். அம்மா வேலையை விட்டு வந்த அன்னைக்கு அவங்க ஓய்வு பெற்றாங்கன்னு நாங்க யாரும் சொல்லல. அந்த வார்த்தையை எனக்கு மட்டும் வச்சுக்கிட்டேன். இவங்களுக்கு இந்த அறையில இடம் இல்லைன்னா எனக்கும் இடம் இல்லை."

தலைவரின் முகம் சிவந்துவிட்டது. "இது உணர்ச்சிவசப்படுற விஷயம் இல்ல டீச்சர். யாப்பு இருக்கு" என்றார். "யாப்பு நாம எழுதினது. நாமளே மாத்தலாம்" என்றேன். என் வாயிலிருந்தா இந்தப் பேச்சு வருகிறது என்று எனக்கே ஆச்சரியம். கூட்டங்களில் நான் அதிகம் பேசியது, 'தேநீர் தயார்' என்பதுதான்.

அப்போதுதான் மிஸி எழுந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிரஷர் கருவியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, அந்த அம்மாவின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இரிங்க. ஒங்கட கையத் தாங்க, பாப்பம்."

அந்த அம்மா உட்கார்ந்து கையை நீட்டினார். மிஸி பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். அறை முழுவதும் அந்தப் புஸ் புஸ் சத்தம் மட்டும்தான். பார்த்து முடித்ததும் கொப்பியை விரித்து, "இந்தக் கொப்பியில அங்கத்தவங்கட பிரஷர் மட்டுந்தான் நான் எழுதுற. பேரச் சொல்லுங்க" என்றார். அந்த அம்மா சொன்னார். மிஸி எழுதினார். பிறகு தலைவரைத் திரும்பிப் பார்த்து, "நூத்தி இருபதுக்கு எண்பது. இந்த அறையில ஒருத்தருக்கும் இவ்வளவு நல்லா இல்ல. இப்ப ஒங்கடயப் பாத்தா கருவி ஒடஞ்சிடும் சேர்" என்றார்.

பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. இந்தத் தடவை மூக்கால் இல்லை.

தலைவர் வாக்கெடுப்பு வைத்தார். வைக்காமல் விடவும் முடிந்திருக்கும். வைத்தார், அதை நான் சொல்லத்தான் வேண்டும். யாப்பை மாற்றலாம் என்று பதின்மூன்று கைகள் உயர்ந்தன. ஆறு பேர் கை தூக்கவில்லை. தலைவர் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவரோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். தலைவராக இருந்தவர் நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் வருடக்கணக்காக வந்தார். என்னோடு மட்டும் பழையபடி பேசவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று எழுந்து நின்றதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

முழுத் தோட்டமும் வந்துவிடும் என்று அவர் பயந்தாரே, அது பாதி உண்மையாகிவிட்டது. அடுத்த மாதம் அந்த அம்மாவோடு நான்கு பேர் வந்தார்கள். வருடக் கடைசியில் பதினான்கு பேர். கதிரை போதாமல் நீளமான வாங்குகளைக் கொண்டுவந்து போட்டோம். அவர்களில் பலருக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டத்துப் பதிவில் மூன்றாவது பெயர். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அதனால் அவர்களுக்குச் சேர வேண்டிய பணம்கூட அலுவலகங்களில் இழுபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் சங்கத்தில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். அதுவரை செய்ய ஒன்றுமில்லாமல் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தவர்கள், மூன்று பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி எழுதவும் அலுவலகங்களுக்கு ஏறி இறங்கவும் தொடங்கினார்கள். ஒரு அலுவலகத்தில், "இவ்வளவு வருஷம் இருந்தீங்க, இப்போ என்ன அவசரம்?" என்று ஒரு உத்தியோகத்தர் கேட்டிருக்கிறார். "இவ்வளவு வருஷம் வேலைக்குப் போயிட்டோம் மகன், இப்பதான் லீவு கெடைச்சுது" என்றாராம் அந்த அம்மா. அன்றே வேலை முடிந்தது.

என் பிள்ளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய், நான் பிறந்த லயத்தைக் காட்டினேன். மகளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. "ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல?" என்று கேட்டாள். பயம் என்று சொன்னேன். யாருக்குப் பயம் என்றாள். யோசித்துப் பார்த்தேன், ஒரு பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த அம்மா இப்போதும் வருகிறார். காது கொஞ்சம் மந்தம், பேச்சு மட்டும் குறையவில்லை. எனக்குத் தெரிந்து அவர் எங்களிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதே இல்லை. முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு, 'முடியாது' என்ற சொல்லை ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்ல அறுபத்திரண்டு வயதாகியிருக்கிறது. அன்று சொன்ன பிறகு அந்தச் சொல் எனக்கு ஒரு தடவையும் தொண்டையில் சிக்கியதில்லை.