கூடிப்போன மூன்று விநாடி

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்து கூட்டத்தில் ஆளைத் தொலைத்தவர்களுக்கு, முருகனுக்கு அடுத்தபடி மைக் செட் ராஜவேலுதான். தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை பெயரைக் கூப்பிட்டால் போதும். குழந்தையோ கிழவரோ, திருதிருவென்று முழித்தபடி எதிரே வந்து நிற்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டும், தலைக்கனம் இல்லாத மைக் செட்காரரை யார் பார்த்தார்கள்?

அவர் கூப்பிட்டும் வராதவர் ஒரே ஒருவர், கே.ஜி.கண்டிகை கஜபதி. தொண்ணூற்றாறில் காவடி எடுத்து வந்து, குளித்துவிட்டு வருகிறேன் என்று சரவணப் பொய்கைப் படியில் இறங்கியவர். குளத்தில் தேடினார்கள், ஸ்டேஷனில் தேடினார்கள், துண்டுகூடக் கிடைக்கவில்லை. மனைவி தாயம்மாள் வருடம் தவறாமல் அதே நாளில் வந்து, "ஒரேவாட்டி கூப்புடுங்கண்ணா" என்பாள். பைத்தியக்காரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவரும் கூப்பிடுவார்.

இரண்டாயிரத்தெட்டில் அவர் தொண்டை கெட்டுப்போனது. அதனால் ‘திருடர்கள் ஜாக்கிரதை’ முதல் கஜபதி வரை எல்லா அறிவிப்பையும் வீட்டிலேயே மெதுவாகப் பேசிச் செல்போனில் பதிந்துகொண்டார். புதிதாக வாங்கிய பென் டிரைவ் பெட்டியோ எம்பி3 தவிர எதையும் பாடமாட்டேன் என்று அடம்பிடித்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அம்சா, பதிவுகளை ஓர் இலவச இணையதளத்தில் ஏற்றினாள். அங்கே மாற்றி மெயிலில் அனுப்பிவிடுவார்கள்.

வந்ததை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. கஜபதி அறிவிப்பு மட்டும் போனில் இருபத்திரண்டு விநாடி, திரும்பி வந்தது இருபத்தைந்து.

"...எங்கிருந்தாலும் மைக் செட் அருகே வரவும்" என்று ராஜவேலுவின் குரல் முடிந்தது. பிறகு தண்ணீர் சொட்டும் சத்தம். மூச்சு வாங்கியபடி ஓர் ஆண்குரல்: "ஆங், வந்துகினே இருக்கேன்."

"யாருண்ணா பக்கத்துல?" என்றாள் அம்சா.

"யாருமில்லம்மா. கதவ சாத்திகினுதான் பேசினேன்."

போனில் போட்டுக் கேட்டார்கள், இல்லை. மறுபடி ஏற்றி மாற்றினார்கள், இருந்தது.

இதைத் தாயம்மாள் கேட்டால் என்ன ஆவாள்? இருக்கிற பாதி உயிரும் போய்விடும் என்று ராஜவேலு பயந்தார். கிருத்திகையன்று அவள் வந்து ஸ்பீக்கர் கம்பத்தடியில் நின்றதும், பெட்டியைத் தட்டிவிட்டு, நிறுத்தும் பொத்தான்மேல் விரலை வைத்தபடி விநாடிகளை எண்ணினார். இருபத்திரண்டில் அமுக்கினார். அப்பாடா என்று இருந்தது.

தாயம்மாள் நகரவில்லை. தலையைச் சாய்த்தபடி காத்திருந்தாள். காவடிகள் அவளை இடித்துக்கொண்டு போயின. வெகுநேரம் கழித்து அவரிடம் வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏங்கண்ணா இன்னிக்கு நடுவுல நிறுத்திட்டீங்க? வருசா வருசம் நீங்க கூப்ட்டதும் ஒரு வார்த்த பதில் சொல்லிகினு இருந்தாரே. அத கேக்கத்தானே வரேன்."

ராஜவேலு மறுபடி போட்டு, கடைசிவரை விட்டார். அவர் குரல் முடிந்ததும் பெட்டி தானாகவே நின்றுவிட்டது.

"கோச்சிக்கினாரு போல" என்றாள் தாயம்மாள். "உடுங்கண்ணா, நானே போயி கூட்டிகினு வரேன்."

அவர் எழுந்து வருவதற்குள் பொய்கைப் பக்கம் போகும் கூட்டம் அவளை விழுங்கிவிட்டது. அரைமணி நேரம் பார்த்துவிட்டு, வராத குரலை இழுத்து, தாயம்மாள் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார்.